பேசாத குழந்தையின் மனதில் ஓடுவதை எப்படி அளக்கிறார்கள்?

கேள்வி: "ஐந்து மாதக் குழந்தைக்குக் கூட்டல் கழித்தல் தெரியும், ஆறு மாதத்திலேயே நல்லவர் யார் கெட்டவர் யார் என்று கண்டுபிடித்துவிடும் என்றெல்லாம் படிக்கிறேன். வாயே திறக்காத குழந்தையிடம் இதை எப்படிக் கண்டறிந்தார்கள்? எவ்வளவு நம்பலாம்? எங்கள் வீட்டில் ஒன்பது மாதக் குழந்தை இருக்கிறது. நாங்களே ஏதாவது செய்து பார்க்க முடியுமா?"

குழந்தை எவ்வளவு நேரம் பார்த்தது, எத்தனை முறை சூப்பியது, எந்தப் பக்கம் தலையைத் திருப்பியது, எத்தனை முறை காலை உதைத்தது. ஆராய்ச்சியாளர் கையில் இருப்பது பெரும்பாலும் இவ்வளவுதான். "கூட்டல் தெரியும்" என்பது குழந்தை தந்த பதில் அல்ல. சில வினாடிகள் கூடுதலாகப் பார்த்ததற்கு ஆராய்ச்சியாளர் கொடுத்த விளக்கம். அந்த வினாடிகள் பெரும்பாலும் உண்மை. சண்டையெல்லாம் விளக்கத்தில்தான். அதனால் அளப்பதில் இருந்தே தொடங்குகிறேன்.

இந்த முறைக்கு வழி திறந்தவர் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் இருந்த ராபர்ட் ஃபான்ட்ஸ். குழந்தையை ஒரு கூண்டு போன்ற பெட்டிக்குள் மல்லாக்கப் படுக்க வைத்து, மேலே இரண்டு படங்களைக் காட்டினார். நடுவில் ஒரு சிறு துளை. அதன் வழியாகக் குழந்தையின் கண்ணைப் பார்த்தால், எந்தப் படத்தின் பிம்பம் கண்மணி மேல் விழுகிறதோ அதைத்தான் குழந்தை பார்க்கிறது என்று கொள்ளலாம். 1963-ல் அவர் வெளியிட்ட ஆய்வில் பிறந்து ஐந்து நாள்கூட ஆகாத 18 குழந்தைகள் இருந்தன. முகம், ஒன்றுக்குள் ஒன்றான வட்டங்கள், செய்தித்தாள் துண்டு, வெறும் வெள்ளை, மஞ்சள், சிவப்பு வட்டுகள் என்று ஆறு காட்டினார். வெறும் நிறங்களை விட வடிவம் உள்ளவற்றைக் குழந்தைகள் அதிக நேரம் பார்த்தன. பச்சைக் குழந்தைக்கு ஒளியும் நிழலும் தவிர எதுவும் தெரியாது என்று மருத்துவர்களே சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

மறு வருடம் அவர் காட்டியது இன்னும் முக்கியமானது. ஒரே படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினால் குழந்தைக்குச் சலித்துப்போகிறது, பார்வை நேரம் குறைகிறது. புதுப்படத்தைக் காட்டினால் கண் அங்கே போகிறது. சலிப்பு ஏற்பட வேண்டுமானால் பழையது நினைவில் இருந்தாக வேண்டும். புதியதை நோக்கித் திரும்ப வேண்டுமானால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரிந்தாக வேண்டும். நினைவு, பிரித்தறிதல் ஆகிய இரண்டும் ஒரே அளவீட்டில் கிடைத்துவிட்டன. அடுத்த அறுபது வருட ஆராய்ச்சியில் பாதி இந்தச் சலிப்பின் மேல் கட்டியதுதான்.

இப்போது ஆய்வகங்களில் இதை எப்படிச் செய்கிறார்கள்? குழந்தை பால் குடித்து, தூங்கி எழுந்து, தெளிவாக இருக்கும் நேரத்துக்கு வரச் சொல்வார்கள். மங்கலான அறை, சுற்றிலும் திரைச்சீலை. குழந்தை அம்மா மடியில் உட்கார்ந்து ஒரு திரையையோ சிறு மேடையையோ பார்க்கும். அம்மா கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், அல்லது ஒளி புகாத கண்ணாடி அணிய வேண்டும். ஒலியை வைத்துச் செய்யும் சோதனையானால் காதில் ஹெட்ஃபோனில் பாட்டு ஓடும். இது சம்பிரதாயத்துக்காக இல்லை. அம்மா "ஐயோ" என்று மூச்சை இழுத்தால், மடி இறுகினால், குழந்தைக்கு அது போதும். ஒளித்துவைத்த கேமரா வழியாக இன்னொருவர் குழந்தையின் கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு, பார்க்கும்போது பொத்தானை அழுத்துவார், பார்வை விலகினால் விடுவார். மேடையில் என்ன காட்டப்படுகிறது என்பது அவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் அவருடைய விரல் ஆசைப்பட்ட பக்கம் சாய்ந்துவிடும். பிறகு வேறொருவர் அதே வீடியோவைத் தனியாக அளந்து, இரண்டு பேர் கணக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள்.

ஒரு சுற்று எப்போது முடிகிறது? பொதுவான விதி, குழந்தை தொடர்ச்சியாக 2 வினாடி வேறு பக்கம் பார்த்தால் முடிந்தது. 60 வினாடி போன்ற உச்சவரம்பும் வைத்திருப்பார்கள். அடுத்த சுற்றுக்கு முன் மணியோசையோ மின்னும் படமோ காட்டிக் கண்ணைத் திரும்ப நடுவுக்குக் கொண்டுவருவார்கள். சலித்துப்போனதை முடிவு செய்யவும் கணக்கு உண்டு. முதல் மூன்று சுற்றுகளின் சராசரியோடு ஒப்பிட்டு, அடுத்தடுத்து வரும் ஏதேனும் மூன்று சுற்றுகளின் சராசரி பாதியாகக் குறைந்தால் குழந்தை பழகிவிட்டது என்று கொள்வார்கள். முதல் மூன்றில் 20, 16, 12 வினாடி பார்த்த குழந்தைக்குச் சராசரி 16. தொடர்ந்து மூன்று சுற்றுகளின் சராசரி 8-க்கு இறங்கியதும் சோதனைக் காட்சி தொடங்கும். சிலருக்கு ஆறு சுற்றில் வந்துவிடும், சிலருக்குப் பத்துப் பன்னிரண்டு ஆகும், சிலர் அதற்குள் அழுதுவிடுவார்கள். அழுத குழந்தையின் கணக்கு சேராது. யாரை விலக்குவது என்ற விதியை முதலிலேயே எழுதி வைக்காவிட்டால், முடிவு தெரிந்த பிறகு "இந்தக் குழந்தை அன்று சரியாக இல்லை" என்று தள்ளிவிடும் ஆபத்து உண்டு. பழைய ஆய்வுகளில் பலவற்றின் பலவீனமே இதுதான்.

இதைவிட நுட்பமான ஒரு வில்லங்கமும் உண்டு. குழந்தை எப்போதும் புதியதைத்தான் அதிகம் பார்க்கும் என்பது சரியில்லை. ஒரு பொருளை மனதில் முழுசாக ஏற்றிக்கொள்ளும் வரை பழகியதையே அதிகம் பார்க்கும், ஏற்றி முடித்த பிறகுதான் புதியதுக்குத் தாவும். ஹன்டர், ஏம்ஸ் இருவரும் 1988-ல் இதைத் தெளிவாக எழுதினார்கள். குழந்தை சிறியதாக இருந்தால், காட்சி சிக்கலாக இருந்தால், காட்டிய நேரம் குறைவாக இருந்தால் பழகியதன் பக்கமே சாயும். ஆக, "அதிகம் பார்த்தது" என்பதற்கு "இன்னும் புரிந்துகொள்ளவில்லை" என்றும் பொருள் கொள்ளலாம், "புரிந்துகொண்டதால் வியக்கிறது" என்றும் கொள்ளலாம்.

இந்த வில்லங்கம் நன்றாகத் தெரியும் இடம் ரெனே பையார்ஜானின் சாய்பலகைச் சோதனை. கண்ணுக்கு மறைந்த பொருள் தொடர்ந்து இருக்கிறது என்ற அறிவு எட்டு ஒன்பது மாதத்துக்கு மேல்தான் வரத் தொடங்கும் என்று சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜே சொல்லியிருந்தார். அவர் ஆதாரம், துணியால் மூடிய பொம்மையை அதற்கு முன் குழந்தை தேடுவதில்லை என்பது. தேடாததற்குக் காரணம் அறியாமையா, கையை ஒழுங்குபடுத்தித் துணியை விலக்கத் தெரியாததா என்று அதில் பிரிக்க முடியாது. பையார்ஜான், ஸ்பெல்கி, வாசர்மன் மூவரும் 1985-ல் கையை விட்டுவிட்டுக் கண்ணைப் பிடித்தார்கள். மேடையில் படுத்திருக்கும் ஒரு பலகை, கீல் மேல் எழுந்து பின்பக்கம் போய் விழுகிறது, திரும்ப வருகிறது. முழுதாக 180 பாகை. இதைக் காட்டிக் காட்டிச் சலிக்க வைத்தார்கள். பிறகு பலகைக்குப் பின்னால் ஒரு பெட்டியை வைத்தார்கள். நடக்கக்கூடிய காட்சியில் பலகை எழுந்து, பெட்டியை மறைத்து, பாதி வழியிலேயே அதன் மேல் மோதி நிற்கும். நடக்க முடியாத காட்சியில் பெட்டியே இல்லாதது போல 180 பாகையும் போகும். பெட்டியை ரகசியமாகக் கீழே இறக்கிவிடுவார்கள்.

இதன் அழகு எங்கே என்று கவனியுங்கள். குழந்தை சலித்தது 180 பாகை அசைவைப் பார்த்து. எனவே புதுமை மட்டும்தான் காரணம் என்றால் பாதி வழியில் நிற்பதைத்தான் அதிகம் பார்க்க வேண்டும். ஐந்து மாதக் குழந்தைகள் 180-ஐ அதிகம் பார்த்தன. மறைந்த பெட்டி அங்கேயே இருக்கிறது என்று தெரிந்தால்தான் அது விநோதம். 1987-ல் நாலரை மாதத்திலும் இது கிடைத்தது. மூன்றரை மாதக் குழந்தைகளில் சீக்கிரம் சலித்தவர்களிடம் மட்டும் கிடைத்தது. பெட்டி இல்லாமல் அதே அசைவுகளைக் காட்டியபோது அந்த வேறுபாடு இல்லை.

சாய்வு எங்கே வரலாம்? குழந்தை உண்மையில் முழுதாகச் சலிக்கவில்லை என்றால், பழகிய 180-ஐ அதிகம் பார்ப்பது இயல்புதானே. அதோடு 180-ல் அசைவும் அதிகம், காட்சி நேரமும் அதிகம். ரிவேரா குழுவினர் 1999-ல் சலிக்க வைக்கும் கட்டத்தையே எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். ஐந்தரை மாதக் குழந்தைகள் நடக்குமா நடக்காதா என்பதைப் பொருட்படுத்தாமல் 180-ஐ அதிகம் பார்த்தன. பையார்ஜான் தரப்பு விட்டுக்கொடுக்கவில்லை. வேறு வேறு அமைப்புகளில், தண்டவாளத்தில் பெட்டியை வைத்து வண்டியை ஓடவிட்டு, உயரமான பொருளைத் தாழ்வான திரைக்குப் பின்னால் நகர்த்தி, இதே திசையில் பல ஆய்வுகள் சேர்த்தார்கள். என் மதிப்பீடு இது: சாய்பலகை மட்டும் தனியாக நின்றால் கனமான ஆதாரம் இல்லை. ஆனால் பியாஜே சொன்ன வயதை விட முன்பே மறைந்த பொருளைப் பற்றி ஏதோ ஒன்று குழந்தையின் மனதில் நிற்கிறது என்பதற்கு மொத்தமாகப் பார்த்தால் ஆதாரம் வலுவாகவே இருக்கிறது. அந்த "ஏதோ ஒன்று" கையை நீட்டித் தேடும் அளவுக்கு உறுதியானதா என்பது வேறு கேள்வி.

இனி நீங்கள் கேட்ட கூட்டல். கேரன் வின் 1992-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டது. மேடையில் ஒரு பொம்மை. திரை எழுந்து மறைக்கிறது. ஒரு கை இன்னொரு பொம்மையைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டு வெறுங்கையாகத் திரும்புகிறது. திரை விழும்போது இரண்டு இருந்தால் சரி. ஒன்றுதான் இருந்தால் விநோதம். கழித்தலுக்கு இரண்டில் தொடங்கி ஒன்றை எடுப்பார்கள். ஐந்து மாதக் குழந்தைகள் தப்பான விடையை அதிக நேரம் பார்த்தன. "எப்படியும் மாறியிருக்க வேண்டும்" என்று மட்டும் எதிர்பார்த்திருக்கலாமே என்ற ஐயத்துக்காக, ஒன்றும் ஒன்றும் சேர்ந்த பிறகு இரண்டு அல்லது மூன்று காட்டும் சோதனையும் செய்தார். அதிலும் மூன்றைத்தான் அதிகம் பார்த்தன. நல்ல ஆய்வு.

ஆனாலும் ஃபெய்கென்சன், கேரி, ஸ்பெல்கி மூவரும் 2002-ல் ஓர் எளிய கேள்வி கேட்டார்கள். பொம்மை ஒன்று கூடினால் எண்ணிக்கை மட்டுமா கூடுகிறது? கண்ணில் படும் பரப்பும் கூடுகிறதே. இரண்டு சிறியவை ஒரு பெரியதற்குச் சமமாக வரும்படி அளவை மாற்றிப் பார்த்தால், குழந்தைகள் பரப்பு மாறியதைத்தான் கவனித்தன, எண்ணிக்கையை அல்ல. மறுபக்கம், பரப்பையும் அடர்த்தியையும் கட்டுப்படுத்திப் பெரிய எண்ணிக்கைகளைக் காட்டினால் ஆறு மாதக் குழந்தை 8 புள்ளியையும் 16 புள்ளியையும் பிரித்தறிகிறது, 8-ஐயும் 12-ஐயும் பிரிப்பதில்லை. ஷூ, ஸ்பெல்கி 2000-ல் காட்டியது இது. அதாவது ஒன்று மற்றதைப் போல இரு மடங்காக இருக்க வேண்டும். இதைக் "கூட்டல் கழித்தல் தெரியும்" என்று தலைப்பிட்டால் வாசிப்பவர் மனதில் வருவது பள்ளிக்கூடக் கணக்கு. அங்கே இருப்பது தோராயமான அளவுணர்வு.

ஒலிக்கு வருவோம். இந்தப் பகுதியில் முடிவுகள் உறுதியானவை, தமிழ் வாசகருக்குச் சுவையானவையும்கூட. பீட்டர் ஐமஸ் குழுவினர் 1971-ல் ஒரு மாத, நான்கு மாதக் குழந்தைகளின் வாயில் பால் வராத சூப்பானைக் கொடுத்து, அதை அழுத்தம் அளக்கும் கருவியோடு இணைத்தார்கள். வேகமாகச் சூப்பினால் ஓர் அசை ஒலிக்கும். புது ஒலி கேட்கும் ஆசையில் வேகம் ஏறும், பிறகு சலித்து இறங்கும். முந்தைய நிமிடத்தைவிட 20 சதவீதமாவது குறைந்து இரண்டு நிமிடம் நீடித்தால் ஒலியை மாற்றுவார்கள். மறுபடி வேகம் ஏறினால் வேறுபாடு தெரிந்தது என்று பொருள். ஒப்பீட்டுக்கு ஒலியே மாறாத குழு ஒன்றும் உண்டு. மாற்றியது 'பேட்' என்பதன் முதல் ஒலியையும் 'பென்' என்பதன் முதல் ஒலியையும். தமிழில் எழுதினால் இரண்டுக்கும் 'ப'தான், ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு உதடு திறந்த பின் குரல்நாண் அதிரத் தொடங்கும் தாமதம்தான். 20 மில்லிவினாடியிலிருந்து 40-க்கு மாற்றியபோது குழந்தைகள் கவனித்தன. 60-லிருந்து 80-க்கு, அதே 20 வித்தியாசம்தான், மாற்றியபோது கவனிக்கவில்லை. பெரியவர்களின் காதில் எல்லை விழும் அதே இடத்தில் ஒரு மாதக் குழந்தைக்கும் எல்லை விழுந்தது.

அடுத்து வான்கூவரில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-ல் செய்தது. இந்தியில் உள்ள 'த', 'ட' ஒலிகள். நமக்குப் 'பத்து', 'பட்டு' இரண்டும் காதுக்கு வெவ்வேறு. ஆங்கிலம் மட்டும் பேசும் பெரியவருக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. குழந்தையை மடியில் வைத்து ஒரே ஒலியை ஓடவிடுவார்கள். ஒலி மாறும்போது தலையைத் திருப்பினால், கருப்புக் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு எரிந்து ஒரு பொம்மை மிருகம் ஆடும். மாறாதபோது திருப்பினால் ஒன்றும் நடக்காது. தொடர்ச்சியான பத்து வாய்ப்பில் எட்டாவது சரியாக இருக்க வேண்டும். ஆங்கில வீட்டுக் குழந்தைகள் ஆறிலிருந்து எட்டு மாதத்தில் 'த', 'ட' வேறுபாட்டை நன்றாகப் பிடித்தன. பத்திலிருந்து பன்னிரண்டு மாதத்தில் வெகு சிலரே பிடித்தார்கள். இந்தி பேசும் வீட்டுக் குழந்தைகளிடம் அந்தத் திறன் அப்படியே இருந்தது. வளர்வது என்றால் கூடிக்கொண்டே போவது என்று நினைப்போம். இங்கே வளர்ச்சி என்பது தேவையில்லாததை விடுவது.

எட்டு மாதக் குழந்தை சொல்லுக்கு எல்லை எங்கே என்று கண்டுபிடிக்கும் விதமும் இதோடு சேரும். பேச்சில் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. சாஃப்ரன், ஆஸ்லின், நியூபோர்ட் மூவரும் 1996-ல் பொருளற்ற மூவசைச் சொற்கள் நான்கை ஏற்ற இறக்கமோ நிறுத்தமோ இல்லாமல் இரண்டு நிமிடம் ஓடவிட்டார்கள். ஒரே சொல்லுக்குள் ஓர் அசைக்குப் பின் வருவது எப்போதும் அதே அசை. சொல் முடிந்த இடத்தில் அடுத்தது மூன்றில் ஒன்றாக இருக்கும். அந்தப் புள்ளிவிவரம் மட்டுமே துப்பு. பிறகு சோதித்தபோது, சொற்களை விட, சொல்லெல்லையைத் தாண்டி ஒட்டிய துண்டுகளைக் குழந்தைகள் கூடுதல் நேரம் கேட்டன. வித்தியாசம் சராசரியில் ஒரு வினாடிக்கும் குறைவு. ஒரு வினாடிக்குக் குறைவான வித்தியாசத்தில் இவ்வளவு பெரிய துறையே எழுந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பார்வை நேரத்தைவிட எனக்கு அதிக நம்பிக்கை தருவது உதைக்கும் கால். நியூஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் கரோலின் ரோவி-கோலியர் பல வருடம் வளர்த்த முறை. தொட்டிலில் படுத்திருக்கும் குழந்தைக்கு மேல் பொம்மைகள் தொங்கும் ஒரு சரம். குழந்தையின் கணுக்காலில் ஒரு ரிப்பன். முதல் மூன்று நிமிடம் ரிப்பனின் மறுமுனையை வெறும் கம்பியில் கட்டியிருப்பார்கள். பொம்மை கண்ணில் படும், உதைத்தாலும் ஆடாது. சும்மா இருக்கும்போது எத்தனை உதை என்ற அடிப்படைக் கணக்கு இதில் கிடைக்கும். அடுத்த ஒன்பது நிமிடம் ரிப்பனைப் பொம்மைச் சரத்தின் கொக்கிக்கு மாற்றுவார்கள். உதைத்தால் ஆடும். சில நிமிடங்களில் உதை விறுவிறுவென்று ஏறும். கடைசி மூன்று நிமிடம் மறுபடி வெறும் கம்பி. இப்படி இரண்டு நாள் பயிற்சி. பிறகு சில நாளோ வாரமோ கழித்து, ரிப்பனை வெறும் கம்பியில் கட்டிச் சரத்தை மட்டும் தொங்கவிடுவார்கள். ஆடாவிட்டாலும் உதை அடிப்படையை விட ஒன்றரை மடங்காவது வந்தால் நினைவிருக்கிறது.

இரண்டு மாதக் குழந்தைக்கு அந்த நினைவு ஓரிரு நாள், மூன்று மாதத்துக்கு ஒரு வாரம் அளவில், ஆறு மாதத்துக்கு இரண்டு வாரம். மறந்துபோனதாகத் தோன்றும் நினைவையும் மீட்க முடிந்தது. இரண்டு வாரம் கழித்து, சோதனைக்கு முந்திய நாள், குழந்தை உதைக்காமலே ஆய்வாளர் சரத்தைச் சில நிமிடம் ஆட்டிக் காட்டினால், மறுநாள் மூன்று மாதக் குழந்தை மறுபடி உதைத்தது. நினைவு அழியவில்லை, எட்டாமல் போயிருந்தது. ஆனால் நினைவு படு குறுகலானது. ஆறு மாதக் குழந்தைக்குத் தொட்டிலைச் சுற்றிக் கட்டிய துணியின் பூவேலையை மாற்றினாலே மறுநாள் உதை வரவில்லை. "நேற்று அத்தை வீட்டில் நன்றாக விளையாடியது, இன்று இங்கே அதே பொம்மையைத் தெரியாதது மாதிரி பார்க்கிறது" என்று வீடுகளில் சொல்வதற்கு இது ஒரு விளக்கமாக இருக்கலாம். இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். குழந்தையின் காலில் கட்டிய நாடா கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஆய்வகத்தில் ஒரு விநாடியும் கண்ணெடுக்காமல் ஆள் நிற்பார்கள்.

நல்லவர், கெட்டவர் விஷயத்துக்கு வருகிறேன். ஹாம்லின், வின், ப்ளூம் 2007-ல் கண் ஒட்டிய மரத்துண்டுகளை வைத்து ஒரு சிறு நாடகம் போட்டார்கள். ஒன்று மேட்டில் ஏற முயன்று வழுக்குகிறது, ஒன்று பின்னாலிருந்து தள்ளி உதவுகிறது, இன்னொன்று மேலிருந்து கீழே தள்ளுகிறது. பிறகு உதவியதையும் தடுத்ததையும் தட்டில் நீட்டினால் ஆறு மாதக் குழந்தைகள் 12 பேரில் 12 பேரும், பத்து மாதத்தில் 16 பேரில் 14 பேரும் உதவியதை எடுத்தார்கள். 12-க்கு 12 என்ற எண்ணைப் பார்த்ததும் பத்திரிகைகள் குதித்தன. 2012-ல் ஸ்கார்ஃப் குழுவினர், உச்சிக்கு ஏறியதும் அந்தத் துண்டு துள்ளிக் குதித்ததே, குழந்தைக்குப் பிடித்தது அந்தத் துள்ளலாக இருக்கலாமே என்றார்கள். கடைசியில் மெனிபேபீஸ் என்ற கூட்டமைப்பில் 37 ஆய்வகங்கள் சேர்ந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளோடு செய்த ஆய்வு 2024-ல் வெளியானது. உதவியதை எடுத்தவர்கள் ஏறக்குறைய பாதி. நாணயம் சுண்டினாலும் அதுதான் வரும். அதில் நாடகம் நேரடியாக இல்லாமல் திரையில் காட்டப்பட்டது, அதனால் முழுத் தீர்ப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் "ஆறு மாதத்தில் அறவுணர்வு" என்று இனியும் உறுதியாக எழுதுபவரை நம்ப வேண்டாம்.

பிறந்த குழந்தை நாம் நாக்கை நீட்டினால் தானும் நீட்டும் என்று மெல்ட்சாஃப், மூர் 1977-ல் எழுதியதற்கும் இதே கதிதான். 2016-ல் ஓஸ்டன்ப்ரூக் குழுவினர் 106 குழந்தைகளை 1, 3, 6, 9 வாரங்களில் பதினொரு வகைச் செய்கைகளோடு சோதித்தார்கள். நாக்கை நீட்டிக் காட்டினால் நாக்கு வருகிறது, உண்மை. வேறு எதையாவது காட்டினாலும் வருகிறது. நான்கு வாரக் குழந்தை பாட்டுக் கேட்டாலும் நாக்கை அதிகம் நீட்டுகிறது என்பது 2006-லேயே தெரிந்திருந்தது. மெல்ட்சாஃப் தரப்பு இதை மறுத்து எழுதியிருக்கிறது. சச்சரவு ஓயவில்லை.

எல்லாமே சரிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். கொஞ்சிப் பேசும் குரலைக் குழந்தைகள் அதிகம் விரும்புகின்றனவா என்று அதே கூட்டமைப்பு 67 ஆய்வகங்களில் 2,329 குழந்தைகளோடு 2020-ல் பார்த்தது. விரும்புகின்றன. பழைய ஆய்வுகள் காட்டியதைவிட விளைவு சிறியது, அவ்வளவுதான். ஒரு குழுவில் 16 குழந்தை என்பது ஆரம்ப காலத்தில் வழக்கம். அந்த அளவில் தற்செயலாகக் கிடைத்த பெரிய வித்தியாசம் மட்டும் அச்சேறும், கிடைக்காதது மேசை இழுப்பறையிலேயே கிடக்கும்.

இத்தனை ஆய்வுகளில் எனக்குப் பிடித்தது ஸ்டால், ஃபெய்கென்சன் 2015-ல் வெளியிட்டது. "அதிகம் பார்க்கிறது, சரி, பார்த்து என்ன செய்கிறது?" என்று கேட்டார்கள். பதினொரு மாதக் குழந்தைகளுக்குப் பொம்மை சுவருக்குள் புகுந்து போவது போலவோ, ஆதாரமில்லாமல் அந்தரத்தில் நிற்பது போலவோ காட்டிவிட்டு அதே பொம்மையைக் கையில் கொடுத்தார்கள். சுவருக்குள் புகுந்ததைப் பார்த்தவை அதைத் தட்டிப் பார்த்தன. அந்தரத்தில் நின்றதைப் பார்த்தவை கீழே போட்டுப் பார்த்தன. வெறும் அசைவோ நிறமோ கண்ணை இழுத்திருந்தால், எந்த விதி மீறப்பட்டதோ அந்த விதிக்கேற்ற செயல் வந்திருக்காது. பார்வை நேரத்துக்கு வெளியிலிருந்து கிடைத்த இந்தச் சாட்சிதான் இந்தத் துறைக்கு வேண்டியிருந்தது.

உங்கள் ஒன்பது மாதக் குழந்தையோடு செய்து பார்க்க ஏற்றது பியாஜேயின் 'முதல் இடம், இரண்டாம் இடம்' சோதனை. ஒரே மாதிரி இரண்டு கிண்ணமோ கைக்குட்டையோ எடுத்து, குழந்தைக்கு எட்டும் தூரத்தில், நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டு வையுங்கள். பிடித்த கிலுகிலுப்பையைக் குழந்தை பார்க்கும்போதே வலப்பக்கம் ஒளியுங்கள். எடுக்க விடுங்கள். இரண்டு மூன்று தடவை அதே பக்கம். பிறகு குழந்தை பார்க்கப் பார்க்க இடப்பக்கம் ஒளித்து, இரண்டையும் ஒரே சமயத்தில் எட்டாத தூரத்துக்கு இழுத்து, மனதுக்குள் ஐந்து எண்ணிவிட்டுக் குழந்தை பக்கம் தள்ளுங்கள். அந்த நேரத்தில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கண்ணை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும், நீங்களும் எந்தக் கிண்ணத்தையும் பார்க்கக் கூடாது. பல குழந்தைகள் பழைய வலப்பக்கமே கையை நீட்டும். இடைவெளியே விடாமல் உடனே தள்ளினால் பெரும்பாலும் சரியாக எடுத்துவிடும். தவறு வர எவ்வளவு இடைவெளி தேவை என்று அடேல் டயமண்ட் 1985-ல் அளந்தார். ஏழரை மாதத்தில் 2 வினாடிக்கும் குறைவு போதும், ஒரு வயதில் 10 வினாடிக்கு மேல் வேண்டும். மாதத்துக்கு ஏறக்குறைய 2 வினாடி கூடுகிறது.

தவறுக்குக் காரணம் மறதி மட்டும் இல்லை. எஸ்தர் தெலன், லிண்டா ஸ்மித் குழுவினர் உட்கார்ந்திருந்த குழந்தையை இரண்டாம் பக்கம் ஒளிக்கும்போது நிற்க வைத்தார்கள். தவறு குறைந்தது. கைக்குப் பழகிய வழி உடலின் நிலை மாறியதும் தளர்ந்துவிட்டது. உங்கள் குழந்தை முதல் தடவையே சரியாக எடுத்தால் அறிவாளி என்றோ, தவறினால் பின்தங்கியது என்றோ ஒரு சோதனையில் சொல்ல முடியாது. இவை எல்லாம் குழுவின் சராசரியைச் சொல்லும் கருவிகள். பசியும் தூக்கமும் ஒரு குழந்தையின் கணக்கைத் தலைகீழாக்கிவிடும்.

வீடியோ போட்டுக்காட்டி இதையெல்லாம் சீக்கிரம் கற்றுக்கொடுக்கலாமா என்று கேட்பீர்களென்றால், அதையும் அளந்திருக்கிறார்கள். பட்ரீஷியா குல் குழு 2003-ல் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு 12 தடவை, தடவைக்கு 25 நிமிடம் மாண்டரின் சீனப் பேச்சைக் கேட்க வைத்தது. நேரில் ஆள் வந்து விளையாடிய குழு சீன ஒலி வேறுபாட்டைப் பிடித்தது. அதே ஆட்களை வீடியோவில் பார்த்த குழு பிடிக்கவில்லை. 2010-ல் ஜூடி டிலோச் குழு, 12 முதல் 18 மாதக் குழந்தைகளுக்குச் சொல் கற்பிப்பதாக விற்கப்பட்ட டிவிடி ஒன்றை நான்கு வாரம் வீட்டில் காட்டச் செய்தது. பார்த்தவர்கள் பார்க்காதவர்களைவிட ஒரு சொல்லும் கூடுதலாகக் கற்கவில்லை. டிவிடி இல்லாமல், அதே சொற்களைப் பெற்றோரே அன்றாடப் பேச்சில் சொல்லிக்கொடுத்த குழுதான் முன்னால் நின்றது. டிவிடியை மிகவும் விரும்பிய பெற்றோர்கள் மட்டும், தங்கள் குழந்தை அதிலிருந்து நிறையக் கற்றுக்கொண்டதாக நம்பினார்கள்.